பல கைகளில் இருக்கட்டும் படிகள்: நூலகங்களின் கூட்டுச் சேமிப்புக்கு ஒரு கையேடு

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை திரும்பவே இல்லை. இன்று ஓலைகளையும் பழைய இதழ்களையும் ஸ்கேன் செய்கிறோம். அந்தக் கோப்புகளும் ஒரே கட்டடத்தில் கிடந்தால் அதே ஆபத்துதான். நூலகங்கள் ஒன்றுக்கொன்று காவலாக நிற்பதே வழி.

செய்ய வேண்டியவை

- குறைந்தது மூன்று படிகள் வையுங்கள். ஒன்றாவது வேறு ஊரில், வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கட்டும்.
- கோப்பு வந்து சேரும்போதே, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்ணை (செக்சம்) பதியுங்கள். அவ்வப்போது மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். கோப்பில் ஒரு துளி சிதைந்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கிய ‘லாக்ஸ்’ திட்டத்தில், பல நூலகங்களிலுள்ள படிகள் தம்முள் ஒப்பிட்டுக்கொண்டு, பழுதானதை நல்ல படியிலிருந்து சரிசெய்கின்றன.
- ஒப்பந்தத்தை எழுத்தில் வையுங்கள். யார் எவ்வளவு இடம் தருவது, டிஸ்க் பழுதானால் யார் செலவு, ஓர் உறுப்பினர் விலகினால் அவருடைய கோப்புகள் எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.
- ஆண்டுக்கு ஒருமுறையாவது கோப்புகளை மீட்டுப் பாருங்கள். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான பிரிட்டிஷ் நூலகத்திடம் மின்தொகுப்புகளின் பத்திரமான படிகள் இருந்தன. அவற்றை ஏற்றி இயக்கத் தகுந்த கணினிக் கட்டமைப்பு இல்லாததால் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின.
- தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, உரிமை விவரங்களைக் கோப்போடு சேர்த்தே அனுப்புங்கள். பெயர் தெரியாத படத்தைத் தேடி எடுக்க முடியாது.

செய்யக்கூடாதவை

- தானாக ‘சிங்க்’ ஆவதை மட்டும் நம்பாதீர்கள். ஓரிடத்தில் தவறி அழித்தது எல்லா இடத்திலும் அழியும்.
- எல்லாப் படிகளையும் ஒரே அட்மின் கணக்கின் கீழ் வைக்காதீர்கள். ஒரு பாஸ்வேர்டு திருடு போனால் எல்லாமே போகும்.
- இடம் மிச்சம் என்று மூல டிஃப் கோப்புகளை அழித்துவிட்டு, சுருக்கிய ஜேபெக்கை மட்டும் வைக்காதீர்கள். இழந்த நுணுக்கம் திரும்பாது.
- பத்திரமாக வைத்திருக்கும் உரிமையை, வெளியிடும் உரிமையாக எண்ணாதீர்கள்.
- சர்வர் வாங்க வசதியில்லாத ஊர் வாசகசாலையை விட்டுவிடாதீர்கள். வேறெங்கும் படி இல்லாத இதழ் பெரும்பாலும் அந்த அலமாரியில்தான் இருக்கும். அதற்கு முதலில் இடம் கொடுங்கள்.