சிங்கப்பூரில் வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா?

சில நாள் வாடகை நல்ல வருமானமாகத் தோன்றலாம். சிங்கப்பூரில் அது சட்டத்துக்குப் புறம்பானது. ஒப்பந்தம் போடுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

● தனியார் வீடு, கூட்டுரிமை வீடு: ஒருவருக்குக் குறைந்தது தொடர்ச்சியாக 3 மாதங்கள் விட வேண்டும். அறைக்கும் இதே விதிதான்.

● வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு: குறைந்தது 6 மாதங்கள். கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். சுற்றுப்பயணிகளைத் தங்க வைக்கக் கூடாது.

● முழு வீவக வீட்டையும் விட, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்திருக்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதி இல்லை. அறைகளை மட்டும் விடலாம்.

● வெளிநாட்டவர் குடிவந்தால் அனுமதி அட்டையின் அசலைப் பாருங்கள், கடவுச்சீட்டோடு ஒப்பிடுங்கள், அட்டை செல்லுமா என்பதை அரசாங்க இணையத்தளத்தில் உறுதிசெய்யுங்கள்.

● வாடகைக்கு வந்தவர் வேறொருவருக்கு உள்வாடகை விடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அவ்வப்போது நேரில் சென்றும் பாருங்கள்.

● ஊரிலிருந்து உறவினர் வந்து ஓரிரு வாரம் தங்க இடம் தேடினால், ஹோட்டலையோ சர்வீஸ் அபார்ட்மென்டையோ காட்டுங்கள். பின்னதில் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும்.

தனியார் வீட்டில் விதியை மீறினால் 200,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. 2018இல் இருவருக்குத் தலா 60,000 வெள்ளி விதிக்கப்பட்டது. சந்தேகம் இருந்தால் விளம்பரம் செய்யுமுன்பே நகர மறுசீரமைப்பு ஆணையத்திடமோ வீவகவிடமோ கேட்டுவிடுங்கள்.