சபையிற் பிள்ளைகளும் பெற்றாரும்

பிள்ளை வளர்வது வீட்டிலே, வாழப்போவதோ சபையிலே. கோயில் மண்டபம், கலியாணப் பந்தல், வாசிகசாலை, வைத்தியசாலை, புகையிரதப் பெட்டி என்பன யாவும் ஒருவகையிற் சபைகளே. பலர்க்கும் பொதுவாயுள்ள ஓரிடத்திலே பிறர்க்கு ஊறு நேராவண்ணம் இருந்து பழகுதல், எழுத்தும் எண்ணும் போலக் கற்றே அறியவேண்டிய ஒன்று. இதனைப் பள்ளிக்கூடம் கற்பிக்கும் என்று பெற்றாரும், வீடு கற்பிக்கும் என்று ஆசிரியரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்க, பிள்ளை எவராலும் கற்பிக்கப்படாமலே சபைக்கு வந்து சேர்கின்றது. இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர். சிலர் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து விழாவுக்கு அழைத்து வருவோர். ஆதலின் இம்மலரிலே இப்பொருளைச் சிறிது ஆராய்தல் பொருந்தும்.

எல்லாச் சபைகளையும் ஈண்டு நோக்குதல் இயலாது. நமக்கு நன்கு பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்து ஆலயங்களிற் கந்தபுராண படனம் நெடுங்காலமாக நடைபெற்று வருவது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பர்; மற்றொருவர் பயன் சொல்வர். கச்சியப்ப சிவாசாரியருடைய 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களின் பொருள், எழுத வாசிக்க அறியாதார் செவியிலும் ஏறி நின்றமைக்கு இப்படனமே பெருங்காரணம். நம்மவர் வாழ்க்கை நெறியைக் 'கந்தபுராண கலாசாரம்' எனப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் வழங்கியதும் இங்கு நினைக்கத்தக்கது.

இன்று படனம் நடைபெறும் மண்டபம் ஒன்றை மனக்கண்ணாற் காண்க. பயன் சொல்பவர் சூரபன்மனுடைய மாயப் போரை விரித்துரைக்கும் வேளையிலே தூணைச் சுற்றி நான்கு பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவர். ஐந்தாவது பிள்ளை அம்மம்மாக் குழலை ஊதும். தாயார் அயலிலிருப்பாருடன் கதைத்துக்கொண்டிருப்பர்; தந்தையார் வெளிவீதியிலே நிற்பர். செவி மந்தமான முதியவர் இருவர் காதிலே கையை வைத்துக் கேட்க முயன்று, ஈற்றில் எழுந்து போவர். மறுநாள் அவர் வாரார். சினங்கொண்ட ஒருவர் பிள்ளைகளை அதட்டித் துரத்துவாராயின், அப்பிள்ளைகளும் மறுநாள் வாரார். முதியோர் போனால் இன்று கேட்பார் இல்லை. பிள்ளைகள் போனால் இனிக் கேட்பார் இல்லை. இரு திறத்தாரையும் இழவாது காக்கும் வழி யாது என்பதே நம் வினா.

முதலிற் பிழை யாருடையது என்பது துணியப்படல் வேண்டும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையிலே திருக்கோயிலிற் செய்யத்தகாதன பலவற்றை நிரல்படக் கூறியிருக்கின்றார். எச்சில் உமிழ்தல், பாக்கு வெற்றிலை உண்டல், காலை நீட்டியிருத்தல், வீண்வார்த்தை பேசுதல், சண்டையிடுதல், விளையாடுதல் என்பன அவற்றுட் சில. இவற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். விளையாடுதல் ஒன்றொழிய ஏனையவை பெரும்பாலும் வளர்ந்தோர் குற்றங்கள். தூணைச் சுற்றி ஓடும் பிள்ளை, தன் தாய் வீண்வார்த்தை பேசுதலைக் கண்ட பின்னரன்றோ ஓடத் தொடங்கிற்று? புராணம் கேட்பதற்குரியதன்று என்பதை அதற்கு முதலிற் கற்பித்தவர் தாயாரே.

பிள்ளையின் அழுகையும் ஆரவாரமும் எல்லாம் தீக்குணத்தால் விளைவன அல்ல. 3, 4 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றில் 10 முதல் 13 மணி நேர நித்திரை வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. இராத்திருவிழாவிலே நள்ளிரவு வரை விழிக்க வைத்த நான்கு வயதுப் பாலகன் அழுதால், அஃது ஒழுக்கக்கேடு அன்று; உடலின் முறையீடு. பசியும் அத்தகையதே. பகலிலே சிறிது உறங்கச்செய்து, உணவூட்டி அழைத்து வருதல், வந்தபின் நூறு முறை அதட்டுதலினும் பயன் தரும்.

வேறொரு சாராரும் உளர். ஓட்டிசம் என்று இன்று வழங்கும் நிலையுடைய பிள்ளைகளுட் பலர்க்குத் தவிலொலியும் ஒலிபெருக்கியும் சனநெரிசலும் தாங்கொணாத துன்பம் தருவன. 1943 ஆம் ஆண்டிலே லியோ கானர் என்னும் மருத்துவர் இந்நிலையை விரித்தெழுதினார். ஆயினும் எண்பது ஆண்டு கழிந்த பின்னும் நம் வீதிகளில் அப்பிள்ளையின் தாய் கேட்பது, 'வளர்ப்புச் சரியில்லை' என்ற சொல்லே. பிள்ளை நிலத்திலே விழுந்து கத்துவதை மட்டும் கண்டு காரணத்தை எவராலும் அறிதல் கூடாது. அறியாதபோது தீர்ப்புக் கூறாமை நன்று.

இனி, நலமுள்ள பிள்ளை தான் வேண்டியதைப் பெறுதற்கென்றே செய்யும் ஆரவாரத்தை நோக்குவோம். இதுவே பெற்றாரால் மிகுதியும் வளர்க்கப்படுவது. திருவிழாக் கடையிலே பிள்ளை குழல் கேட்கின்றது. தந்தையார் 'இல்லை' என்கின்றார். மீண்டும் கேட்கின்றது, மீண்டும் 'இல்லை'. அழுகின்றது, உருளுகின்றது. சனங்கள் திரும்பிப் பார்க்கின்றனர். உடனே குழல் வாங்கப்படுகின்றது. (அழுகையை நிறுத்த வாங்கிய குழல் அழுகையினும் பெரிதாய் மண்டபத்தில் ஒலித்தல் கடைக்காரரின் பிழையன்று.) தந்தையார் தாம் ஒன்பது முறை மறுத்தமையை நினைக்கின்றார். பிள்ளை கற்றதோ பத்தாம் முறையை. கேட்டவுடன் வாங்கிக் கொடுத்திருப்பின் அது கேட்கமட்டுமே கற்றிருக்கும்; இப்பொழுது சனங்கள் நடுவே உருண்டால் கிடைக்கும் என்று கற்றுவிட்டது.

இது வெறும் அநுமானம் அன்று. அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர், பெர்ஸ்டர் என்பாரோடு சேர்ந்து 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளை விரித்துரைத்தார். கொத்துந்தோறும் தீனி பெற்ற புறா, தீனி நின்றதும் விரைவிற் கொத்துதலை விடும். இடையிடையே மட்டும் தீனி பெற்று வந்த புறாவோ, தீனி நின்ற பின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருக்கும். சிலபோது மறுத்துச் சிலபோது இணங்கும் பெற்றார், விடாது கொத்தும் பழக்கத்தையே வளர்க்கின்றனர். ஆதலிற் கொடுக்கக்கூடியதாயின் முதற் கேள்வியிலேயே கொடுத்துவிடுக. கூடாதாயின் எவர் பார்ப்பினும் கொடாதிருக்க. ஒன்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்: பெற்றார் முதன்முறை உறுதியாய் நிற்கும் நாளிலே அழுகை குறையாது, முன்னையினும் மிகும். அந்நாளிலே மனந்தளர்ந்து இணங்குவாராயின், இன்னும் உரத்து அழுதல் வேண்டும் என்பதே பிள்ளை பெறும் பாடமாகும்.

வேறொரு பெற்றாரும் உளர். 'எங்கட பிள்ளை சரியான குழப்படி. ஒருத்தற்றை சொல்லும் கேளான்' என்று பிள்ளை கேட்கவே பெருமையோடு சொல்வர். முறைப்பாடு போலத் தோன்றும் இச்சொல் உண்மையிலே ஒரு பட்டமளிப்பு. பட்டம் பெற்ற பிள்ளை அதனைக் காப்பாற்ற முயலுதல் இயல்பேயாம்.

கைத்தொலைபேசியைக் கையிற் கொடுத்துப் பிள்ளையை அடக்குவோரும் பெருகிவிட்டனர். பிள்ளை அடங்கும், ஆயின் சபையில் இராது. உடல் மண்டபத்திலும் உள்ளம் திரையிலுமாக இருந்த பிள்ளை, எத்தனை திருவிழாக் கண்டாலும் சபையிலிருக்கக் கற்றதாகாது. ஒலியை அடக்காது கொடுப்பின் அயலிலுள்ளார்க்கும் இடர். 2 முதல் 4 வயது வரையுள்ளோர் இருந்தபடியே திரை நோக்கும் நேரம் நாளொன்றுக்கு 1 மணிக்கு மேற்படலாகாது என்பதும் முற்கூறிய 2019 ஆம் ஆண்டு வகுப்பிலே உளது.

அடித்தலைப் பற்றியும் ஒரு சொல். பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென்று கல்வியமைச்சு 2005 ஆம் ஆண்டிலே சுற்றறிக்கை விடுத்தது. நாம் வகுப்பறையில் விலக்கிய அடியைத் தேர்முட்டியடியிற் காண்கின்றோம். பலர் முன்னிலையில் விழும் அடி பெரும்பாலும் பிள்ளையைத் திருத்துதற்கு விழுவதன்று. பார்த்துநிற்போர்க்கு விடையாக விழுவது. 'நான் கண்டிக்காத தாயல்லள்' என்பதே அதன் பொருள். எனவே அவ்வடிக்கு முறைத்துப் பார்த்த நாமும் ஒருவகையிற் பங்காளரே.

அங்ஙனமாயின் சபையிலிருப்போர் வாளா இருத்தல் வேண்டுமோ எனின், அன்று. சொல்லும் முறையே வேண்டப்படுவது. மேடையிலிருந்து ஒலிபெருக்கியிலே கண்டித்தல் மிகத் தீது. முந்நூறு தலைகள் ஒருங்கே திரும்ப நாணிய தாய், பின்னர் அம்மண்டபத்தை மிதியாள். அயலிலிருக்கும் மூத்த பெண்மணி ஒருவர் அருகே சென்று, 'தங்கச்சி, பிள்ளைக்கு நித்திரை வருது போலை. வீதியிலை நல்ல காத்து. கொஞ்சம் கூட்டிக்கொண்டு போங்கோவன்' என்று மெல்லச் சொல்வாராயின், அத்தாய் எழுந்து போவதுமன்றித் திரும்பியும் வருவாள். 'பிள்ளை வளர்க்கத் தெரியாதோ' என்று கேட்டாற் பிள்ளையின் குழப்பத்தோடு பெரியோரின் சண்டையும் சேரும். மனைவியிடம் சொல்வதினும் வீதியிலே நிற்கும் கணவரை, 'தம்பி, பிள்ளையை ஒருக்காப் பாருங்கோ' என்று அழைத்தல் சிலவிடத்துச் சாலச் சிறந்தது. படனம் கேட்கும் உரிமை தாய்க்கும் உண்டன்றோ?

எழுந்து வெளியே போதல் என்ற இவ்வழி எல்லாச் சபைக்கும் ஏலாது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே புகையிரதப் பாதை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1956 ஆம் ஆண்டில் ஓடத்தொடங்கி, 1990 இல் நின்று, 2014 இல் யாழ்ப்பாண நிலையத்தை மீண்டும் அடைந்த யாழ்தேவியிற் பயணஞ் செய்தோர், பெட்டிக்குள்ளே பிள்ளையுடன் பல மணி நேரம் இருத்தல் யாது என்பதை அறிவர். அங்கே முன்னாயத்தமே துணை. ஒரு கதைப்புத்தகம், கடதாசியும் பென்சிலும், சிறுகச் சிறுகக் கொடுக்கச் சிற்றுண்டி, எண்ணிவரப் பாலங்கள். முன்னிருக்கையை உதைத்தால் அங்கிருப்பவர்க்கு முதுகு நோகும் என்று புறப்படுமுன்னரே ஒரு சொல்.

சபையிலிருத்தலைக் கற்பித்தற்குரிய இடம் சபையன்று. உரோமாபுரியில் 1907 ஆம் ஆண்டிலே சிறுவர் இல்லம் தொடங்கியவரும், 1944 இல் இலங்கைக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தியவருமான மரியா மொண்டிசோரி அம்மையார், மௌனத்தையே ஒரு பாடமாக்கினார். ஒருநாள் நான்கு மாதக் குழந்தையொன்றை வகுப்புக்குள் ஏந்திவந்து, இக்குழந்தை எத்துணை அமைதியாயிருக்கின்றது, உங்களால் இவ்வாறு இருத்தல் கூடுமா என்று வினவினார். பிள்ளைகள் மூச்சொலியும் அடக்கி இருந்தனர். பின்பு அறைக்கு வெளியே நின்று ஒவ்வொருவர் பெயரையும் தாழ்ந்த குரலில் அழைக்க, அழைக்கப்பட்டவர் ஓசையின்றி எழுந்து வருதல் அவர் பாடமுறையாயிற்று. தண்டனையாக விதித்த மௌனம் அன்று அது; பிள்ளைகள் விரும்பி ஆடிய விளையாட்டு.

இதனை வீட்டிலே செய்து பார்த்தற்குப் பொருளெதுவும் வேண்டியதில்லை. மாலையில் விளக்கேற்றிய பின்னர்ப் பிள்ளையோடு தரையில் இருந்து, எந்தெந்த ஒலிகள் கேட்கின்றன என்று கண்மூடிக் கேட்கச் செய்க. கிணற்றுக் கப்பி, பனையோலைச் சலசலப்பு, தூரத்துக் கோயில் மணி என்று பிள்ளை தானே எண்ணிச் சொல்லும். முதலில் அரை நிமிடம், சில நாளின் பின் ஒரு நிமிடம், அப்பால் இரண்டு. சிறிது பழகிய பின்னர்ப் படனத்துக்கு அழைத்துச் செல்க. அன்று கேட்கப்போகும் கதையை வழியிலேயே சொல்லிவிடுக. மயிலும் சேவலுமாகப்போகும் மாமரத்தைப் பிள்ளை காத்திருக்கும். தூணோரமாக, எழுந்து போதற்கு வசதியான இடத்தில் இருக்க. முதல் நாள் ஒரு செய்யுளும் அதன் பயனும் போதும். பிள்ளை நெளியுமுன்னரே எழுந்து, வீதியிலே கச்சான் வாங்கிக் கொடுத்து, வீட்டுக்கு அழைத்து வருக. மறுநாள் இரண்டு செய்யுள்.