உழைச்செல்வோர்

நோயுற்றான் ஒருவன் படுக்கையிற் கிடக்கின்றான். மருத்துவர் வருகின்றார், நாடி பார்க்கின்றார், நோய் இன்னதெனத் துணிந்து, மருந்து இன்னதென எழுதிச் செல்கின்றார். அவர் அவனருகில் இருந்தது சிறிது பொழுதே. எஞ்சிய பகலும் இரவும் அவன் பக்கத்தில் இருப்பவர் யார்? உரிய வேளையில் மருந்தை ஊட்டுபவர் யார்? புண்ணைக் கழுவிக் கட்டுபவர் யார்? நள்ளிரவில் அவன் முனகினால் எழுந்து வருபவர் யார்?

அவரைக் குறிக்கத் திருவள்ளுவர் ‘உழைச்செல்வான்’ என்னும் அரிய சொல்லை ஆண்டுள்ளார். உழை என்பது பக்கம். எனவே, நோயாளியின் பக்கத்திலிருந்து பணி செய்பவன் என்பது அதன் பொருள். மருத்துவத்தின் கூறுகளை எண்ணப் புகுந்த அப்பெருந்தகை, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நிறுத்தினாரல்லர். உழைச்செல்வானையும் சேர்த்து நான்கு என்றார். நான்கனுள் ஒன்று குறையினும் மருத்துவம் நிரம்பாது என்பது அவர் கருத்து.

இப்பணியைத் தொழிலாகக் கொண்டோரை இந்நாளில் செவிலியர் என்கின்றோம். இதுவும் பழஞ்சொல்லே. அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தான் பெறாத மகளையும் தன் மகளாகவே பேணுபவள் அவள். ஆகவே, அன்பு என்பது இத்தொழிலின் பெயரிலேயே அமைந்துள்ளது. ஆயினும், அன்பு ஒன்றே இத்தொழிலுக்குப் போதுமோ? அன்பின் மிகுதியால் கை நடுங்குவதும் உண்டு. கண் மறைவதும் உண்டு. செவிலியரோ அன்பு குன்றாமலும் கை நடுங்காமலும் பணி செய்தல் வேண்டும். இதன் அருமையை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வரலாறு நன்கு விளக்கும்.

அவ்வம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். நோயாளிகளுக்குப் பணி செய்ய வேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே அவருள்ளத்தில் வேரூன்றியது. ஆனால், அக்காலத்து இங்கிலாந்தில் மருத்துவமனைப் பணிப்பெண்களுக்கு மதிப்பும் இல்லை. முறையான பயிற்சியும் இல்லை. உயர்குடிப் பெண் ஒருத்தி அவ்வேலைக்குச் செல்வது குடும்பத்திற்கு இழுக்கு என்று தாயும் தமக்கையும் தடுத்தனர். பல்லாண்டுகள் பொறுத்திருந்த அவர், 1851-ஆம் ஆண்டு செருமனியில் கைசர்சுவெர்த் என்னும் ஊருக்குச் சென்று சில திங்கள் பயிற்சி பெற்றார். தொழிலுக்குள் நுழைவதற்கே அவர் கடந்த முதல் தடை இது.

அடுத்த தடை போர்க்காலத்தில் எழுந்தது. கிரிமியப் போரில் புண்பட்ட ஆங்கில வீரர்கள், கான்ஸ்டாண்டிநோபிள் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஸ்கூட்டரி என்னும் இடத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். ஆங்கிருந்த படைவீடு ஒன்றே மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. 38 பெண்களுடன் அம்மையார் 1854-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் அங்கே சென்றடைந்தார். படுக்கைகள் போதவில்லை; மாற்றுத் துணி இல்லை; எங்கும் அழுக்கும் தீநாற்றமும் நிறைந்திருந்தன. இவற்றினும் கொடியது, படை மருத்துவர்களின் புறக்கணிப்பு. பெண்களுக்கு இங்கு என்ன வேலை என்று அவர்கள் எண்ணினர்.

அம்மையார் சினங்கொண்டாரல்லர், பூசலிட்டாரல்லர். மருத்துவர் அழைத்தாலன்றி நோயாளியைத் தொடலாகாது என்று தம் கூட்டத்தாருக்குக் கட்டளையிட்டுக் காத்திருந்தார். கண்ணெதிரே வீரர் துன்புறக் கைகட்டி நிற்பது எளிய செயலன்று. உடன் வந்த பெண்களுள் சிலர் அதனை வெறுத்தனர். ஆயினும், மருத்துவரும் செவிலியரும் ஒருவரோடொருவர் மாறுபட்டு நிற்பின் அழிவது நோயாளியே என்பதை அவர் அறிந்திருந்தார். சில நாட்களில் புண்பட்டோர் பெருந்திரளாக வந்து குவிந்தனர். மருத்துவர்கள் தாமே வந்து உதவி வேண்டினர்.

அதன்பின் அம்மையார் முதலில் தேடியவை தரை தேய்க்கும் தூரிகைகளும் துணி வெளுக்கும் கொப்பரைகளுமே. சலவைக்கென ஒரு வீட்டை அமர்த்தினார். நோயாளிகளுக்கேற்ற உணவு சமைக்க வழி செய்தார். இரவில் கைவிளக்கை ஏந்திக்கொண்டு, வரிசை வரிசையாகக் கிடந்த வீரர்களைப் பார்த்து வந்தார். விளக்கேந்திய நங்கை என்று உலகம் அவரைப் போற்றியது இதனாலேயே.

ஆயினும், கதை இவ்வளவில் முடிந்துவிடவில்லை. அத்துணை அன்புடன் உழைத்தும், அக்குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, மிகுந்தது. 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அம்மருத்துவமனையில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் அரசினர் அனுப்பிய நலவாழ்வுக் குழுவினர் வந்து ஆராய்ந்தனர். கட்டடத்தின் அடியில் கழிவுநீர்ச் சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன. குடிநீர் வரும் வழியில் ஒரு குதிரையின் அழுகிய உடலும் கிடந்தது! அவற்றை அகற்றிக் காற்றோட்டத்திற்கும் வழி செய்தனர். சூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு மூவரினும் குறைந்தது.

உணவுக் குறையும் கடும் உழைப்புமே சாவுக்குப் பெருங்காரணம் என்று போர்க்காலத்தில் அம்மையார் எண்ணியிருந்தார். போர் முடிந்து நாடு திரும்பியபின், வில்லியம் ஃபார் என்னும் புள்ளியியல் அறிஞருடன் இருந்து இறந்தோர் கணக்கைத் துருவி ஆராய்ந்தார். பகைவர் குண்டால் மாண்டோரினும், தடுத்திருக்கக்கூடிய நோயால் மாண்டோரே மிகப் பலர் என்னும் உண்மை புலப்பட்டது. தாம் இரவும் பகலும் காத்த இடத்திலேயே, தமக்குத் தெரியாத ஒரு காரணத்தால் வீரர்கள் மடிந்தனர் என்பது எத்துணைக் கசப்பான உண்மை! வேறொருவராயின் அதனை மூடி மறைத்திருப்பர். அம்மையாரோ அவ்வுண்மையை எவரும் ஒரு பார்வையில் உணருமாறு வண்ண வட்டப் படமாக வரைந்து, 1858-ஆம் ஆண்டு வெளியிட்டார். கையிலேந்திய விளக்கினும் இக்கணக்கு விளக்கே பேரொளி உடையது எனலாம். பணியில் நேர்ந்த பிழையை மறைப்பவரால் அடுத்த நோயாளியைக் காக்க இயலாது அன்றோ?

போர்முனையில் பற்றிய காய்ச்சல் அவருடலை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. ஆயினும், 1860-ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவச் செய்தார். இந்தியாவுக்கு ஒருமுறையேனும் வாராத அவர், இந்நாட்டு மக்களின் குடிநீர், வடிகால், நலவாழ்வு ஆகியவை பற்றி நெடுங்காலம் எழுதி வந்தார். 1910-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பிறந்த நாளாகிய மே 12 உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

முறையான செவிலியர் கல்வி நம் நாட்டிலும் வளர்ந்தது. தமிழ்நாட்டில் வேலூரில் மருத்துவப் பணியாற்றிய ஐடா ஸ்கட்டர் அம்மையார், 1909-ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே 1946-ஆம் ஆண்டு முதல் செவிலியர் பட்டப்படிப்பும் கற்பிக்கப்படலாயிற்று. இழிவென்று கருதப்பட்ட பணி, பட்டம் பெறும் கல்வியாக உயர்ந்தது.

கல்வி உயர்ந்ததனால் இடர்கள் ஒழிந்தனவோ எனின், இல்லை. ஓர் இரவில் ஒரு செவிலியர் பல படுக்கைகளைக் காக்க நேர்கின்றது. ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும்; உறக்கம் கண்ணை அழுத்தும் வேளையிலும் அப்புள்ளி மாறக்கூடாது. விடியுமுன் ஒருவர் உயிர் பிரிகின்றது. அவர் உறவினரைத் தேற்றி முடிக்குமுன், அடுத்த படுக்கையில் ஒரு குழந்தை அழுகின்றது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அக்குழந்தையிடம் சிரித்த முகத்துடன் செல்ல வேண்டும். துயரை உணராவிடில் நெஞ்சம் கல்லாகும். துயரிலேயே மூழ்கிவிடில் கை செயலற்றுப்போகும். இவ்விரண்டிற்கும் இடையே நாள்தோறும் நடப்பதே செவிலியர் ஏற்ற நோன்பு.

நைட்டிங்கேல் அம்மையார் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்தமை கருதி, உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டைச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டிலேயே கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவியது. பெற்ற தாயும் அருகே செல்ல இயலாத அறைகளுக்குள் செவிலியர் சென்றனர். காற்றுப் புகாத காப்புடை அணிந்து, வியர்வையில் நனைந்து, மணிக்கணக்காக நின்றனர். இறுதி மூச்சு விடுவோரின் காதருகே கைப்பேசியைப் பிடித்து, வீட்டாரின் குரலைக் கேட்கச் செய்தவர்களும் அவர்களே. தொற்றுக்கு இரையாகி உயிர் நீத்த செவிலியரும் உளர்.

அக்காலத்தில் மக்கள் கைதட்டி அவர்களைப் போற்றினர். போற்றியது நன்றே. ஆனால், நைட்டிங்கேல் அம்மையார் கேட்டது புகழன்று. அவர் கேட்டவை தூய நீர், மாற்றுத் துணி, போதிய ஆட்கள் ஆகியவையே. வரவேற்பு விழாக்களுக்கு அஞ்சி, வேறு பெயர் புனைந்து நாடு திரும்பியவர் அவர். ஆதலின், உழைச்செல்வோருக்குச் சமுதாயம் செலுத்தத்தக்க நன்றியாவது, அவர்கள் பிழையின்றிப் பணி செய்வதற்கு வேண்டிய துணையாட்களையும் ஓய்வையும் பாதுகாப்பையும் அளித்தலேயாம். மருத்துவர் எழுதிய மருந்து நோயாளியைச் சென்றடைவது அவர்கள் கையின் வழியாகவே. அக்கை சோராமற் காத்தல், நாளை நோயுறக்கூடிய நம் ஒவ்வொருவர் கடமையுமாகும்.