மூச்சு வாங்கினால் கமாவா?

“மூச்சு வாங்குற இடத்துல கமா போடு.” ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன வாரமும் ஒரு தாய் தன் மகளுக்கு இதையேதான் சொன்னார். தயவுசெய்து நிறுத்துங்கள். விடைத்தாள்களில் நான் அதிகம் சுழிக்கும் பிழை இதிலிருந்துதான் பிறக்கிறது.

அந்த மகள் எழுதிய விடுப்புக் கடிதம்: ‘ஐ ஹாவ் ஃபீவர், ஐ கேனாட் கம் டு ஸ்கூல்.’ மூச்சு வாங்கினாள், கமா போட்டாள். ஆனால் இவை தனித்தனியே நிற்கும் இரண்டு முழு வாக்கியங்கள். வெறும் கமா இரண்டையும் சேர்த்துக் கட்டாது. ‘ஃபீவர்’ என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது அரைப்புள்ளி வையுங்கள், அல்லது கமாவை அடுத்து ‘ஸோ’ சேருங்கள். ‘தேர்ஃபோர்’, ‘ஹவெவர்’ சேர்த்தால் கமா போதாது. அவற்றுக்கு முன் அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

மூச்சு இன்னொரு பக்கமும் கெடுக்கும். ‘தி பஸ் ஃப்ரம் அவர் வில்லேஜ் டு மதுரை, இஸ் லேட்.’ மதுரை வந்ததும் மூச்சு வாங்கத்தான் தோன்றும். அங்கே கமா போட்டால் எழுவாயைப் பயனிலையிலிருந்து வெட்டிவிடுகிறோம்.

பழங்காலக் கிரேக்கத்தில், உரக்கப் படிப்பவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டத்தான் புள்ளிகள் வைத்தார்கள். அந்தக் காலம் போயிற்று. இன்றைய கமா பொருளுக்குக் காவல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பால் வண்டி ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்த ஊதியம் தரத் தேவையில்லாத வேலைகளைச் சட்டம் அடுக்கும் விதிவிலக்குப் பட்டியலில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது. ‘ஆர்’ என்பதற்கு முன் கமா இல்லை. விநியோகமே விதிவிலக்கா, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவது மட்டுமா? சட்டம் தெளிவாக இல்லை என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலரில் வழக்கு சமரசமானது. அங்கே யாரும் மூச்சை அளக்கவில்லை.

மற்றத் தவறான நம்பிக்கைகள், சுருக்கமாக:

‘பன்மைக்கு மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) வேண்டும்.’ வேண்டாம். பலகையில் ‘போட்டோஸ்’ என்று எழுத ‘எஸ்’ ஒன்றே போதும்.

‘“இட்ஸ்” எப்படி எழுதினாலும் சரி.’ தவறு. ‘இட் இஸ்’, ‘இட் ஹாஸ்’ என்று விரித்துப் படிக்க முடிந்தால் மட்டுமே மேற்குறி.

‘“பட்” என்று வாக்கியம் தொடங்கக் கூடாது.’ தாராளமாகத் தொடங்கலாம்.

நான் எல்லாப் பள்ளிகளிடமும் மன்றாடுவது ஒன்றே: ஆங்கில வகுப்புக்குள் தமிழ் இலக்கணத்தை அனுமதியுங்கள். எழுவாயும் வினைமுற்றும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒவ்வொரு கமாவுக்கும் இடப்பக்கமும் வலப்பக்கமும் அவற்றைத் தேடச் சொல்லுங்கள். இணைப்புச்சொல் இல்லாமல் இருபுறமும் முழு வாக்கியம் நின்றால் கமாவை அடித்துவிட்டு முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அடுத்த கடிதத்தை அவளே திருத்திக்கொண்டாள்.