தேனீ குடிபெயர்வதேன்? – தேனீ வளர்ப்பில் தொடக்கநிலை இடர்கள்

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரால் 'அந்நஹ்ல்' என வழங்குகின்றது. அதன் 68ஆம் வசனம், தேனீ கூடமைக்கும் இடங்களாக மலைகளையும் மரங்களையும் மனிதர் எழுப்புவனவற்றையும் முறையே சுட்டுகின்றது. நம் நாட்டார் வழக்கும் ஏறத்தாழ இவ்வாறே தேனைக் கூட்டின் இடத்தால் பெயரிட்டு வகுத்துள்ளது. மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன் என்னும் பெயர்களைக் கேட்ட அளவிலேயே எத்தேனீ எங்கு வாழும் என்பது விளங்கிவிடும். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெளிச்சத்தில் ஒற்றை அடை கட்டுவன. அவை பெட்டிக்குள் அடங்கா. இருண்ட பொந்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பல அடைகள் கட்டும் இந்தியத் தேனீயே, அதாவது நம் ஊரார் அடுக்குத் தேனீ என அழைக்கும் இனமே, பெட்டிக்கு வரும்.

வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் புலவர் வழங்கிய சொற்களை வகுப்பறையில் விரித்துரைத்த நமக்கு, தேனீயை அருகிருந்து காணும் ஆவல் எழுந்தது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் உள்ள மாகறல், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஊர். அவ்வூரில் நம் மாணவர் ஒருவர் குடும்பத்தின் தென்னந்தோப்பில் ஒரு பெட்டி வைத்தோம். நாற்பதாம் நாள் சென்று மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு தேனீயும் இல்லை. அடைகள் இருந்தன; ஒரு துளித் தேனும் இல்லை, ஒரு புழுவும் இல்லை. அந்த வெறும் பெட்டியின் முன் நின்ற வருத்தமே இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

பட்டு நெசவால் பெயர்பெற்ற காஞ்சி மண்ணில் ஓர் ஒப்புமை எளிதில் விளங்கும். பட்டுப்புழு பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரை அண்டி வாழ்ந்து, தன் அந்துப்பூச்சிப் பருவத்திலும் பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. இலையிட ஆள் இல்லையேல் அது மடியும். தேனீ அவ்வாறன்று. பெட்டியில் வாழும் அடுக்குத் தேனீக்கும் புளிய மரப் பொந்தில் வாழும் அடுக்குத் தேனீக்கும் எவ்வேறுபாடும் இல்லை. அதன் வீட்டு வாயில் எப்பொழுதும் திறந்தே இருக்கின்றது. விரும்பினால் தங்கும், இல்லையேல் சென்றுவிடும். ஆகவே தொடக்கநிலையாளர் காணும் இடர்களை எல்லாம் 'தேனீ குடிபெயர்வதற்கான காரணங்கள்' என்ற ஒரே கண்ணோட்டத்தில் நோக்குவது தகும் எனக் கருதுகிறோம்.

பெட்டியின் அமைப்பு

அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851இல் கண்டறிந்த உண்மை ஒன்றே இன்றைய பெட்டிகளுக்கெல்லாம் அடிப்படை. அடைகளுக்கிடையே ஒரு குறிப்பிட்ட இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை மெழுகால் அடைப்பதில்லை, நடைவழியாகக் கொள்கின்றன. அதனால் சட்டங்களைத் தனித்தனியே தூக்கிப் பார்க்க இயலுகிறது. இக்கொள்கையை நம் சிறிய தேனீக்கு ஏற்பச் சுருக்கிப் பெட்டி செய்தவர் அருள்தந்தை நியூட்டன். 1911 முதல் 1917 வரை தென்னாட்டுச் சிற்றூர் மக்கள் பலருக்கு அவர் பயிற்சி அளித்தார். நியூட்டன் பெட்டி என்றே அது இன்றும் வழங்குகிறது. கீழே புழு அறை, மேலே தேன் அறை. தேன் அறையில் உள்ளதே நமக்கு உரியது. புழு அறையின் தேன் தேனீயின் களஞ்சியம். அதில் கைவைத்தவர் பலர் அடுத்த மாதம் வெறும் பெட்டியைக் கண்டிருக்கின்றனர்.

நம் முதற் பிழை

புதிதாகப் பெட்டி வைத்தவர்க்கு இராணியைக் காணும் வேட்கை அடங்குவதில்லை. நாமும் நாள்தோறும் திறந்தோம். தோப்பைக் காத்துவந்த முதியவர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாத்தியார் ஐயா, பிள்ளை தூங்குதான்னு பார்க்க நாளைக்கு நாலு தரம் தொட்டிலை விலக்கினா எந்தப் பிள்ளை தூங்கும்?" என்றார். நூல்களில் நாம் தேடிய பாடத்தை அவர் ஒரு கேள்வியில் கூறிவிட்டார்.

உண்மையில் இராணியைக் காணவேண்டிய தேவையே இல்லை. அறையின் அடியில் வெண்ணிற முட்டை ஒன்று ஊசிபோல் நின்றால் போதும். முட்டைப் பருவம் மூன்று நாள். எனவே மூன்று நாளுக்குள் இராணி அங்கு இருந்தாள் என்பது உறுதி. வாரத்திற்கு ஒருமுறை, வெயில் கடுமையாகாத காலைப் பொழுதில், சிறிது புகை காட்டி, சில நிமிடங்களில் பார்த்து மூடிவிடுதல் சாலும்.

குடிபெயரத் துணிந்த கூட்டம் அதை முன்னரே அறிவிக்கின்றது. காலில் மகரந்தம் சுமந்து வருவன குறையும். இராணி முட்டையிடுதலை நிறுத்துவாள். இருக்கும் புழுக்கள் வளர்ந்து வெளிவரும்வரை கூட்டம் காத்திருக்கும். பின் சேமித்த தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு புறப்படும். எம் பெட்டியில் புழுவும் தேனும் இல்லாதிருந்ததன் பொருள் அதுவே. அவை அஞ்சி ஓடவில்லை. பல நாள் எண்ணிச் சென்றிருக்கின்றன. இவ்வறிகுறி கண்டவுடன், சம அளவு சர்க்கரையும் நீரும் கலந்த பாகைப் பெட்டிக்குள் வைப்பதும், மற்றொரு கூட்டிலிருந்து இளம்புழு உள்ள சட்டம் ஒன்றைத் தருவதும் பலமுறை கூட்டத்தைத் தங்கச் செய்யும். பாகை அந்திக்குப் பின்னரே வைத்தல் வேண்டும். பகலில் சிந்திய பாகின் மணத்திற்கு அயற்கூட்டுத் தேனீக்கள் வந்து கொள்ளையிடும். வலுவற்ற கூடு அக்கொள்ளையிலேயே அழியும்.

எறும்பும் அந்துப்பூச்சியும்

பெட்டியின் தாங்கு கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது எல்லாரும் அறிந்த முறை. நாமும் அவ்வாறே நிறுத்தினோம். ஆயினும் விடுமுறையில் ஒரு வாரம் செல்லாதிருந்தபோது கிண்ணம் வறண்டது. போதாக்குறைக்குத் தென்னை ஓலை ஒன்று விழுந்து பெட்டிக்கும் தரைக்கும் பாலம் அமைத்தது. எறும்புக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

மெழுகு அந்துப்பூச்சி இரவில் வந்து இடுக்குகளில் முட்டையிடும். அதன் புழு அடையின் நடுவே சுரங்கம் குடைந்து, தான் செல்லும் வழியெல்லாம் பட்டிழை பின்னும். காஞ்சிக்கு வாழ்வளிக்கும் இழை போன்றதே தேன்கூட்டிற்குச் சாவாகின்றது! வலிய கூட்டில் இப்புழு நிலைக்காது. தேனீக்களே இழுத்து வெளியே எறிந்துவிடும். தேனீக்கள் போர்த்தி நிற்க இயலாத அளவு அடைகள் மிகுந்திருக்கும் கூட்டில்தான் அது வெல்லும். ஆகவே வெறுமையாகக் கிடக்கும் அடைகளையும் கறுத்துப்போன பழைய அடைகளையும் நீக்கிவிட வேண்டும். அடிப்பலகையில் சேரும் மெழுகுத் துகளை வாரந்தோறும் துடைத்தெடுப்பது எம்மருந்தினும் மேலானது.

குளவி, ஓணான், பஞ்சுருட்டான் குருவி ஆகியனவும் உண்டு. வாயிலைக் குறுக்கி வைத்தால் குளவியின் தொல்லை பெரிதும் தணியும். ஏனையவற்றைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளவே வேண்டும்.

இராணி இழந்த கூடு

இராணி இறந்த கூட்டின் ஓசை வேறு. அமைதியான முரலல் மாறி ஓலம் போல் எழும். மூன்று நாளுக்கு உட்பட்ட இளம்புழு இருப்பின் வேலைக்காரத் தேனீக்கள் அதற்கு அரசக்கூழ் ஊட்டிப் புதிய இராணியை உருவாக்கும். அதுவும் இல்லையேல் சில நாளில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடந்தால் இது நேர்ந்துவிட்டது எனத் தெளியலாம். அம்முட்டைகள் கருவுறாதவை, அவற்றிலிருந்து ஆண் தேனீக்களே பிறக்கும், கூடு படிப்படியாக அழியும். இந்நிலையில் இராணியுள்ள மற்றொரு கூட்டுடன் இணைப்பதே வழி. இரண்டிற்கும் இடையே சிறு துளைகளிட்ட செய்தித்தாள் ஒன்றை விரித்தால், அதைக் கடித்துத் துளைத்து முடிப்பதற்குள் இரு கூட்டத்தின் மணமும் கலந்துவிடும், சண்டை நிகழாது.

கொட்டுதல் குறித்தும் ஒரு சொல். கொட்டிய இடத்தில் வாழைப்பழம் போன்றதொரு மணம் எழுந்து பிற தேனீக்களையும் அழைக்கும். கொடுக்கை எவ்வாறு எடுப்பது என்று ஆராய்ந்து நிற்காமல் உடனே அகற்றிவிட்டு விலகுதல் வேண்டும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ தோன்றினால் சிறிதும் தாழ்க்காது மருத்துவமனை சேர்தல் இன்றியமையாதது.

மார்த்தாண்டம் கண்ட பேரழிவு

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், கிறித்தவ இளைஞர் சங்கத்தைச் சார்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய சிற்றூர்ப் பணியால் தேனீ வளர்ப்பில் பெயர் பெற்றது. இரப்பர்த் தோட்டங்களே அதன் தேன்வளம். இரப்பரில் தேன் சுரப்பது பூவிலன்று, இளந்தளிர் இலையின் காம்பில் என்பது பலரும் அறியாதது. 1991-92இல் அங்கும் கேரளம், கர்நாடகம் முழுவதும் ஒரு கொள்ளைநோய் பரவியது. 1978இல் மேகாலயத்தில் காணப்பட்ட தாய்லாந்துப் பைப்புழு நோயே அது. கூட்டுப்புழு ஆகுமுன் புழு மல்லாந்து, தலை மேல்நோக்க இறக்கும். இடுக்கியால் தூக்கினால் நீர் நிறைந்த பைபோல் முழுதாக வரும். உலர்ந்தபின் படகு வடிவச் செதிலாகிவிடும். பத்துக் கூடுகளில் ஒன்பது அழிந்தன என்னும் அளவுக்கு இழப்பு நேர்ந்தது. தலைமுறையாகத் தேனால் வாழ்ந்த குடும்பங்கள் வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு வேறு தொழில் தேடின.

வைரசால் வருவதாகலின் இந்நோய்க்கு இன்றளவும் மருந்தில்லை. நோயுற்ற அடையை எரித்தல், அக்கூட்டின் சட்டத்தைப் பிற கூட்டிற்கு மாற்றாதிருத்தல், இராணியைச் சில நாள் கூண்டிலிட்டு முட்டையிடுதலை இடைநிறுத்தல் என்பனவே செய்யக்கூடியவை. இத்தாலியத் தேனீயை நாடியோரும் உளர். 1960களில் பஞ்சாபில் நிலைகொண்ட அவ்வினம் எளிதில் குடிபெயராது. மிகுதியாகத் தேன் தரும். ஆனால் பரந்த பூவெளியும், வரோவா உண்ணிக்கு இடைவிடாத காவலும் வேண்டும். ஒரு பெட்டி வைப்பார்க்கு அஃது ஏற்றதன்று என்பதே எம் கருத்து. குமரியில் அடுக்குத் தேனீ மீண்டது, நோயைத் தாங்கி எஞ்சிய கூடுகளைத் தேர்ந்து பிரித்துப் பெருக்கியதால்தான். மார்த்தாண்டம் தேன் 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

ஆதலால் பெட்டி வாங்குவோர் விலையைக் கேட்குமுன் ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். முட்டை நிற்கிறதா, புழு முத்துப்போல் வெண்மையாகச் சுருண்டிருக்கிறதா, மூடிய அறைகளிடையே திறந்தும் கிழிந்தும் கிடப்பன உளவா எனப் பார்த்தபின் அந்தியில் வாயிலை அடைத்து எடுத்துச் செல்லலாம். அயல் வயல்காரரிடம் பூச்சிமருந்து தெளிக்கும் நாளை முன்னரே கேட்டறிந்து, மாலையில் தெளிக்குமாறு வேண்டிக்கொள்ளுதலும் நன்று. நெல் பூக்கும் காலையில் தேனீ மகரந்தத்திற்கு அங்குதான் செல்லும்.

மாகறலில் இப்போது இரண்டாம் பெட்டி இருக்கிறது. நீர்க் கிண்ணங்களை முதியவர் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை அன்றி வேறு நாளில் மூடியைத் தொட எம்மை விடுவதில்லை. வேம்பு பூத்து முடிந்து புளி தொடங்கியிருக்கிறது. தேன் அறை இன்னும் வைக்கவில்லை. புழு அறையின் கடைசிச் சட்டத்திலும் தேனீக்கள் நிறையட்டும் என்று காத்திருக்கிறோம்.