உள்ளே திறக்கும் சன்னலுக்குத் திரை

அன்புள்ள தம்பிக்கு,

படங்களும் அளவுகளும் வந்து சேர்ந்தன. பழைய மகாபலிபுரம் சாலையில் 14-ஆவது மாடி. கிழக்கே ஒன்று, மேற்கே இரண்டு எனப் பெரிய சன்னல்கள். மூன்றுமே டில்ட் அண்ட் டர்ன். வீட்டுக்கார அம்மா உன்னிடம் கேட்டது ஒன்றுதான்: அடிக்கடி துடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு நீ மூன்றுக்கும் ஸீப்ரா பிளைண்ட்ஸ் எழுதியிருக்கிறாய், சன்னலுக்கு மேலே சுவரில் பொருத்துவதாக. துணியின் பெயர் இருக்கிறது, நிறத்தின் எண் இருக்கிறது, சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்ற குறிப்பு மட்டும் இல்லை. உள்ளே திறக்கும் சன்னலுக்கு எந்தத் திரை என்ற இதே கேள்வியோடு உன் வயதுக்காரர்கள் பலரும் வருவதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நம் ஊர் மரச் சன்னலில் கம்பி சட்டத்தோடு நிற்கும், கதவு தெருப்பக்கம் திறக்கும். அறைக்குள் திரை எங்கே தொங்கினாலும் கதவுக்கும் அதற்கும் வழக்கு கிடையாது. பிறகு வந்த ஸ்லைடிங் சன்னலிலும் அப்படியே. அதனால் கடைக்காரர், பொருத்த வரும் பையன், நாம் எல்லோருமே லிண்டலுக்கு மேல் ஓட்டை போட்டு மாட்டிவிட்டு வரும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். டில்ட் அண்ட் டர்ன் வேறு ஊர்ச் சரக்கு. அதன் பொருத்துகளைத் தொழிற்சாலையில் செய்து விற்க ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபிராங்க் 1935-இல் தொடங்கியதுதான் இன்றைய ரோட்டோ நிறுவனம். கைப்பிடி ஒன்றே. அது கீழ்நோக்கி இருந்தால் பூட்டு. படுக்கையாகத் திருப்பினால் ஷட்டர், அதாவது கண்ணாடிக் கதவு, முழுவதும் அறைக்குள் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் அடிப்பக்கம் அசையாமல் தலை மட்டும் உள்ளே சாயும்.

ஜெர்மனியில் பல வீடுகளில் வெயிலை நிறுத்துவது வெளிச்சுவரில் இறங்கும் சுருள் ஷட்டரோ அலுமினியத் தகடுகளோதான். வெளியே ஒன்று இறங்கி நிற்கும்போது சன்னலைத் திறக்க வேண்டுமானால் கதவு உள்ளே வந்தாக வேண்டும். மாடியில் நின்றபடியே வெளிக் கண்ணாடியைத் துடைத்துவிடலாம் என்பது கூடுதல் வசதி. நாம் சன்னலை மட்டும் வாங்கி வந்தோம், வெளித்திரையை விட்டுவிட்டோம். இப்போது அதைப் பொருத்தலாம் என்றால் அசோசியேஷன் முகப்பைத் தொட விடாது. ஆக, மேற்கு வெயிலின் மொத்தப் பொறுப்பும் உள்ளே தொங்கும் ஒரு துணியின் தலையில் விழுகிறது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தில் ஒரு பங்கைத்தான் உள்திரை திருப்பி அனுப்பும். இதை வீட்டுக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடு. கத்திரி வெயிலில் போன் வருவதைவிட அது நல்லது.

உன் வரைபடத்துக்கு வருகிறேன். சாயும் நிலையில் ஷட்டரின் தலை ஏறத்தாழ 10 முதல் 15 செ.மீ. உள்ளே வரும். சுவரில் மாட்டிய ரோலரின் துணி அதற்கு நேர் எதிரே, அதைவிடக் குறைந்த தூரத்தில் தொங்கும். மாலையில் கடற்காற்று வீசும்போது அந்த அம்மா கிழக்குச் சன்னலைச் சாய்க்க நினைத்தால் முதலில் பிளைண்டை முழுவதும் ஏற்ற வேண்டும். ஏற்றினால் மறைப்பு போய்விடும். சில நாள் ஏற்றுவார். பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். பிளைண்டை இறக்கிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு சன்னலையே மறந்துவிடுவார். அல்லது அவசரத்தில் திரையோடு சேர்த்துச் சாய்ப்பார். துணி தள்ளப்பட்டு உருளையில் ஒருபக்கமாக ஏறிச் சுற்றும், ஓரம் பிரிந்து நூல் விடும், அடிப்பட்டை கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும். பராமரிப்பு என்றால் நீ தூசியை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். உள்ளே திறக்கும் சன்னலில் பிளைண்டைத் தேய்ப்பது இந்தத் தினசரி மோதல்தான். எந்தத் துணியாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

அதனால் திரை ஷட்டரிலேயே இருக்கட்டும். ஷட்டர் சாய்ந்தால் கூடவே சாயட்டும், திறந்தால் கூடவே திறக்கட்டும். இதை முடிவு செய்த பிறகு துணிக்கடைக்குப் போ.

ஒரு விலக்கு உண்டு. சன்னலின் இருபுறமும் சுவர் தாராளமாக இருந்தால் பழைய துணித் திரைச்சீலையே போதும். கம்பியை இரண்டு பக்கமும் நீட்டி, ஒதுக்கிய சீலை கண்ணாடியை விட்டுச் சுவர்மேல் போய் நிற்கும்படி செய்தால் ஷட்டருக்கு வழி கிடைத்துவிடும். தீபாவளிக்கு முன்னால் கழற்றித் துவைத்து மாட்டிவிடலாம். இதில் நமக்கு வருமானம் குறைவு என்பதாலேயே பலர் சொல்வதில்லை. உன் மேற்கு அறைகளில் சன்னலை ஒட்டி அலமாரி வருவதால் இந்த வழி அடைபட்டிருக்கிறது.

ஷட்டரில் பொருத்தும் வகைகளில் எனக்கு முதல் விருப்பம் சிறு பெட்டிக்குள் சுருளும் ரோலர், இருபுறமும் வழிகாட்டிப் பட்டையோடு. துணியின் ஓரங்கள் பட்டைக்குள் ஓடுவதால் ஷட்டர் சாயும்போது அது தொங்கி விலகாது, காற்றில் அடித்துக்கொள்ளாது. செங்குத்தான ஒரே பரப்பு என்பதால் தூசி தங்க இடமும் குறைவு. அலுமினிய வெனிஷியன் ஒளியைக் கட்டுப்படுத்துவதில் கெட்டி. ஆனால் ஒவ்வொரு தகடும் ஒரு தூசித் தட்டு. சாலைத் தூசியும் கடல் உப்பும் சேரும் அந்தப் பகுதியில் அதைத் துடைத்து மாளாது. மடிப்புத் திரை ஏற்றினால் மிகச் சிறிதாக அடங்கும். மேலிருந்தும் கீழிருந்தும் நகரும் வகை தரைத்தள வீடுகளுக்கு அருமையானது, தெருவை மறைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கலாம். அதிலேயே தேன்கூட்டு அறைகள் கொண்ட வகையைத் தவிர்த்துவிடு. விளக்கைத் தேடி வரும் பூச்சிகள் அந்த அறைகளுக்குள் போய்ச் செத்துக் கிடக்கும்; வெளிச்சத்தில் புள்ளிப் புள்ளியாகத் தெரியும், எடுக்கவும் முடியாது. நீ எழுதிய ஸீப்ராவில் துணி இரட்டையாகச் சுற்றி வருவதால் துடைக்க வேண்டிய பரப்பும் இரண்டு மடங்கு.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவிலேயே தகடுகள் அடைபட்டு, வெளியே காந்தப் பிடியால் நகரும் வகையும் கிடைக்கிறது. தூசி என்ற பேச்சே கிடையாது. ஆனால் அதற்குக் கண்ணாடி இடைவெளி 20 மி.மீ. அளவிலாவது வேண்டும், ஏற்கெனவே பொருத்திய சன்னலில் அவ்வளவு இருப்பது அபூர்வம். உள்ளே ஒரு நூல் சிக்கினால்கூட பெரும்பாலும் கண்ணாடி முழுவதையும் கழற்ற வேண்டிவரும். விலையைக் கேட்டுக்கொண்டு சமையலறைக்கு மட்டும் யோசி. தாளிக்கும் எண்ணெய்ப் புகை படியும் இடத்தில் துணியோ திறந்த தகடோ எதுவும் வேண்டாம். அங்கே மறைப்பு மட்டும் போதுமென்றால் பனிக்கண்ணாடி ஃபிலிம் ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்.

துணி விஷயத்தில் கடைக்காரர் லினன், சணல் என்று தொட்டுப் பார்க்கத் தருவார். கைக்கு இதமாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரம் சன்னல் மூடியிருந்தால் அதில் பூஞ்சை பிடிக்கும். பிவிசி பூசிய பாலியெஸ்டர் நூலில் நெய்த ஸ்கிரீன் துணி ஈரத்துணிக்கும் அசையாது. ஸ்கிரீனில் துளையின் அளவைச் சதவீதத்தில் சொல்வார்கள்: 1, 3, 5, 10. மேற்குச் சன்னலுக்கு 3-க்கு மேல் போகாதே. கிழக்குக்கு 5 போதும். அடர் நிறத்தின் வழியே வெளிக்காட்சி தெளிவாகத் தெரியும், கண் கூசாது. வெளிர் நிறம் வெப்பத்தைக் கூடுதலாகத் திருப்பும். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெளிறியும் அறைப்பக்கம் அடர்ந்தும் வரும் துணி கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம். இன்னொன்று: பகலில் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாத ஸ்கிரீன், இரவில் உள்ளே விளக்கெரிந்தால் எதிர் பிளாக்குக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். படுக்கையறைக்குப் பூச்சுள்ள பிளாக்அவுட் துணியை எடு. மாதிரித் துணியைப் பகலில் மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீ இரவிலும் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டு.

வடக்குச் சன்னல் உள்ள வீடு கிடைத்தால் 'அங்கே வெயில் வராது' என்று யார் சொன்னாலும் நம்பாதே. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும்.

ஷட்டரில் பொருத்தும்போது திரை கண்ணாடிக்கு மிக அருகே வந்துவிடுகிறது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, கடையில் சொல்ல மாட்டார்கள். அடர் நிறத் துணி, காற்றுப் போக வழியில்லாத இடுக்கு, மேற்கு வெயில் மூன்றும் சேர்ந்தால் கண்ணாடியின் நடுப்பகுதி கொதிக்கும். சட்டத்துக்குள் புதைந்த ஓரம் அந்த அளவு சூடேறாது. அந்த வேறுபாட்டில் சாதாரணக் கண்ணாடி ஓரத்திலிருந்து விரிசல் விடும், நிறமேற்றிய கண்ணாடி இன்னும் எளிதாக. டஃபன் செய்த, அதாவது வலுவூட்டிய, கண்ணாடி தாங்கும். கண்ணாடி மூலையில் டஃபன் முத்திரை இருக்கிறதா பார். இல்லையென்றால் பில்டரிடம் எழுத்தில் கேள். எப்படியானாலும் மேலும் கீழும் கொஞ்சம் இடைவெளி விட்டு, வெளிர் முதுகுள்ள துணியைப் போடு.

பொருத்தும் முறையைப் பையனிடம் விட்டுவிடாதே, அந்த நேரத்தில் நீ அங்கே இரு. யூபிவிசி ஷட்டருக்குள் பல அறைகள் இருக்கின்றன. நடுவில் இரும்புக் குழாய் ஓடும், சில அறைகள் மழைநீர் வடிவதற்கானவை. கண்ட இடத்தில் டிரில் போட்டால் தண்ணீர் உள்ளே வரும், சன்னல் கம்பெனி வாரண்டியும் போகும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங்கில் நீளமான ஸ்க்ரூ இறங்கினால் இரட்டைக் கண்ணாடியின் ஓர சீலைத் தொட்டுவிடும். பிறகு இரண்டுக்கும் நடுவே ஈரம் பனிக்கும், அதைத் துடைக்க வழியே இல்லை. டிரில் இல்லாமல் பீடிங்குக்கும் ரப்பருக்கும் இடையில் செருகும் கிளிப்புகளோடு சட்டமாகவே வரும் பிளைண்ட்ஸ் இருக்கின்றன. என் ஓட்டு அதற்குத்தான். சுத்தம் செய்யும்போது சட்டத்தோடு கழற்றி, கண்ணாடிப் பக்கத்தையும் துடைத்து மாட்டிவிடலாம். இருபக்க டேப்பில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால், மே மாதம் வந்து பார்க்கச் சொல்.

சன்னல் முழுவதும் திறக்கும்போது திரைப்பெட்டி கீல் பக்கச் சுவரில் இடிக்கும். கீலிலிருந்து சுவர் மூலை வரை எவ்வளவு என்று பார். இடம் குறைவென்றால் ஷட்டர் 90 டிகிரியோடு நின்றுவிடும். துடைக்க அது போதும், ஆனால் வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பீடிங் கோட்டுக்குள் அடங்கும் திரையாக இருந்தால் கைப்பிடிக்குத் தொந்தரவில்லை. பெட்டி துருத்தினால் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் விரல் முட்டி இடிபடும்; அந்த எரிச்சலிலும் சன்னல் மூடியே கிடக்கும். சன்னல் மேடையில் பூந்தொட்டி, பிள்ளையார், கடிகாரம் வைக்கும் வழக்கம் அந்த வீட்டில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள். உள்ளே வரும் ஷட்டருக்கு மேடை காலியாக வேண்டும்.

அந்த வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதாக எழுதியிருந்தாய். வளையமாகத் தொங்கும் மணிச்சங்கிலி கழுத்தில் மாட்டி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அங்கே கயிறுகளுக்கென்றே தரவிதிகள் வந்தன. ஷட்டரில் நிற்கும் சிறு ரோலரை அடிப்பட்டையைப் பிடித்தே ஏற்றி இறக்கலாம், சங்கிலியே தேவையில்லை. மோட்டார் வேண்டும் என்று கேட்டால், அசையும் ஷட்டருக்கு ஒயர் கொண்டுபோவது தொல்லை, பேட்டரிதான் போட வேண்டும் என்று சொல். சில மாதங்களுக்கு ஒருமுறை அதைச் சார்ஜ் செய்வதும் பராமரிப்புத்தான். பராமரிப்பே வேண்டாம் என்று சொன்னவரிடம் அதை நீயாக எடுத்து விற்காதே.

கடைசியாக, அங்கே துடைக்கப்போவது வீட்டுக்கார அம்மா அல்ல, காலையில் வேலைக்கு வரும் அக்கா. பிளைண்ட்ஸ் மாட்டும் நாளில் அவர் இருக்கும்படி நேரம் வை. முதலில் உலர்ந்த துணியாலோ வேக்குவம் பிரஷ்ஷாலோ தூசியை எடுத்துவிட்டு, பிறகுதான் ஈரத்துணி. நேரே ஈரத்தை வைத்தால் தூசி சேறாகி நெசவுக்குள் இறங்கிவிடும். போர் தண்ணீரில் துடைத்தால் உப்பு வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பகுதியில் பெரும்பாலும் போர் தண்ணீர்தான், ஆகவே வாட்டர் ஃபில்டர் கழித்து ஊற்றும் நீரை எடுக்காமல், வடிகட்டிய நீரிலேயே அரை வாளி எடுத்துக்கொள்ளச் சொல். கழித்த நீரில்தான் உப்பின் பெரும்பகுதி இருக்கிறது.

ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறாய் அல்லவா? சைட்டுக்குப் போய் மூன்று சன்னலிலும் ரப்பரிலிருந்து ரப்பர் வரை அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடு, சிறியதை எழுது. உயரத்தையும் அப்படியே. கண்ணாடியிலிருந்து பீடிங்கின் வெளி விளிம்பு வரை உள்ள ஆழத்தை மில்லிமீட்டரில் தனியாகக் குறி. ஷட்டரைச் சாய்த்த நிலையில் ஒரு படம், முழுக்கத் திறந்த நிலையில் ஒரு படம், கீல் பக்கச் சுவர் தெரியும்படி. கொசு வலை வெளிப்பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு. உள்பக்கம் யாராவது மாட்டியிருந்தால் கணக்கு முழுவதும் மாறும். இவை வந்ததும் பெட்டியின் அளவைச் சேர்ந்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்