சூட்டைக் குடிக்கும் எரிபொருள்

அன்புள்ள கயல்,

எரிபொருளை வைத்து விமானத்தைக் குளிரவைத்தால் தீப்பிடித்துவிடாதா என்று கேட்டிருந்தாய். இதற்கு எஸ்.ஆர்.-71 'பிளாக்பேர்ட்' என்ற அமெரிக்க உளவு விமானத்தைத்தான் காட்ட வேண்டும். 1964 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஒலியைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான வேகம்.

அது பறந்த ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கடுங்குளிர். ஆனால் அந்த வேகத்தில் காற்று நெருக்கப்பட்டுச் சூடாகிவிடும். சைக்கிள் பம்பை விடாமல் அடித்துவிட்டு அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார், தெரியும். விமானத்தின் டைட்டானிய மேற்பரப்பு பல இடங்களில் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெளிக்காற்றே அனல் என்னும்போது, சூட்டை எங்கே கொட்டுவது? சுமந்துபோகும் சுமார் 36 டன் எரிபொருள்தான் கைவசமிருந்த குளிர்ச்சி. விமானி அறைக் காற்று, ஹைட்ராலிக் எண்ணெய், எஞ்சின் எண்ணெய் ஆகியவற்றின் சூட்டை அது வாங்கிக்கொண்டு, எஞ்சினுக்குள் போய் எரிந்து, வாங்கிய சூட்டோடு வெளியேறிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி உன் கேள்வி. எரிவது திரவமல்ல, அதன் ஆவி. அதற்கும் காற்று வேண்டும். இதற்கென்றே தயாரித்த ஜே.பி.-7 எரிபொருள் சுமார் 60 டிகிரிக்குக் கீழே பற்றுமளவு ஆவி விடாது. எரியும் தீக்குச்சியை அதில் போட்டால் குச்சிதான் அணையும். எஞ்சினைக் கிளப்பவே காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும் டிரை எத்தில் போரேன் தேவைப்பட்டது. அப்போது பச்சையாக ஒரு சுடர் தெறிக்கும். பறக்கும்போது எரிபொருள் சூடேறும் என்பதால் தொட்டிகளில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனை நிரப்பினார்கள்.

உண்மையான தொல்லை வேறு. நாள்பட்ட வடைச்சட்டியின் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார். பழுப்பாக, பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கும். சூட்டில் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகியது அது. எரிபொருளும் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னுள் கரைந்திருக்கும் ஆக்சிஜனால் இப்படித்தான் பிசினாகும், பிறகு கரியாகும். எரிபொருளைத் தெளிக்கும் நுண்ணிய துளைகளில் அது படிந்தால் எஞ்சினுக்கு ஆபத்து. சாதாரண ஜெட் எரிபொருளைவிட அதிகச் சூட்டைத் தாங்கும்படி ஜே.பி.-7ஐச் சுத்திகரித்தது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. எரிய எரிய எரிபொருள் குறையும். குறைந்தது சீக்கிரமே சூடாகும். எனவே டேங்கர் விமானம் நடுவானில் புது எரிபொருள் ஊற்றும்போது, பயணத்துக்கு மட்டுமல்ல, குளிர்ச்சிக்கும் சேர்த்தே ஊற்றியது.

அன்புடன்,
உன் மாமா